வெள்ளிக்கிழமை மாலை வரும் அந்த மெயில்

அமெரிக்கக் கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு நிதி நிறுவனம்) விதிமுறைப் பொறுப்பு உங்களுடையதா? வெளி மென்பொருள் நிறுவனங்களுடன் போடும் ஒப்பந்தத்தில், தகவல் அனுப்பும் முகவரியாக ஒருவருடைய மெயிலைக் கொடுக்காதீர்கள். மூன்று பேராவது திறந்து பார்க்கும் பொது மெயிலைக் கொடுங்கள்.

காரணம், இந்த யூனியன்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான என்.சி.யு.ஏ.வின், 2023 செப்டம்பரில் அமலான விதி. புகாரளிக்க வேண்டிய அளவுக்கு சைபர் தாக்குதல் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் அந்த அமைப்பிடம் சொல்லியாக வேண்டும். பாதிப்பு அந்த வெளி நிறுவனத்தில் என்றால், அவர்கள் உங்களுக்குத் தெரிவித்த நேரத்திலிருந்தோ, அப்படியொரு தாக்குதல் நடந்திருக்கிறது என்று உங்களுக்கே நியாயமாகத் தோன்றிய நேரத்திலிருந்தோ, எது முந்தியதோ அதிலிருந்து கணக்கு. சனி, ஞாயிறுக்குத் தள்ளுபடி கிடையாது. வெள்ளி மாலை 5 மணிக்கு வந்த மெயிலுக்குக் கெடு திங்கள் மாலை 5 மணி. மெயில் போன அந்த ஒருவர் திங்களன்று லீவு என்றால் கதை முடிந்தது. முதல் தகவலுக்கு முழு விசாரணை அறிக்கை தேவையில்லை, அதனால் காத்திருக்கவும் வேண்டாம்.

தடுத்து நிறுத்தப்பட்ட சாதாரண ஃபிஷிங் (ஏமாற்றித் தகவல் பறிக்கும்) மெயிலுக்கும், நீங்களே ஏற்பாடு செய்த பாதுகாப்புச் சோதனைக்கும் இந்தக் கெடு இல்லை. வைப்புத்தொகைக்கு மத்திய அரசின் காப்பீடு இல்லாத யூனியன்களுக்கும் இந்த விதி பொருந்தாது. அவர்கள் தங்கள் மாநில விதியைப் பார்க்க வேண்டும்.