நேற்று ஓடிய நிரல் இன்று ஏன் ஓடவில்லை? நிரல்மொழியை வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி மாதம், அருவி வெட்டு நேரம். கிளிநொச்சிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுக் கணக்குப் போட ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். கொள்வனவில் கழிக்கும் கழிவு விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், கணக்கப்பிள்ளையே அவற்றைத் தமிழில் எழுதிக்கொள்ள உள்ளே ஒரு குட்டி மொழியும் வைத்தேன். நன்றாகத்தான் ஓடியது. பிறகு எனக்கு ஆசை வந்தது. 14 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் கழிவைத் தானாகக் கணிக்கும் வசதியைச் சேர்த்து, அதற்கு 'ஈரம்' என்ற சொல்லை மொழியின் கட்டளைச் சொல்லாக்கினேன், அதாவது மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட, வேறெதற்கும் பெயராக வைக்க முடியாத சொல். இரவோடு இரவாக அப்டேட்டும் போட்டேன்.

விடிய ஆறு மணிக்குத் தொலைபேசி. "தம்பி, நேற்று மட்டும் ஓடினது, இண்டைக்கு ஏன் ஓடுதில்லை? வாசல்ல நாலு பெட்டி நெல்லு நிக்குது."

கணக்கப்பிள்ளை தன் விதிகளில் 'ஈரம்' என்று ஒரு வேரியபிளுக்கு (மதிப்பை வைக்கும் பெட்டிக்கு) ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார். ஆலைக்காரர் வேறென்ன பெயர் வைப்பார்?

முதல் தவறு அதுதான்: பயனர் கையில் ஏற்கெனவே இருக்கும் சொல்லைப் பிடுங்குவது. பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2004இல் ஜாவா மொழியின் 5ஆம் பதிப்பு வந்தபோது 'எனம்' (enum) கட்டளைச் சொல்லானது; அதை வேரியபிள் பெயராக வைத்திருந்த பழைய கோட், நிரலை இயந்திரத்துக்கு மாற்றித் தரும் புதிய கம்பைலரில் ஏறவில்லை. 2018இல் பைதன் 3.7 'அசிங்க்' (async) என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அதே பெயரைப் பயன்படுத்திய லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்) உடைந்தன. அதே 2018இல் ஜாவா 10 'வார்' (var) என்ற சொல்லைக் கொண்டுவந்த விதம் வேறு. குறிப்பிட்ட இடத்தில் மட்டும் அதற்குப் புதிய பொருள். வேரியபிளுக்கு அந்தப் பெயரை வைத்திருந்த பழைய நிரல் அப்படியே ஓடியது. பைதனும் 2021இல் 3.10 பதிப்பில் 'மேட்ச்' என்ற சொல்லை இப்படித்தான் பக்குவமாக நுழைத்தது. கம்பைலர் எழுதுபவருக்கு வேலை கூடத்தான். கூடட்டும், அது அவர் ஒருவரின் வேலை.

பின்னிசைவு, அதாவது பழைய நிரல் புதிய பதிப்பிலும் ஓடுவது, என்றதும் எல்லோரும் பைதன் 3ஐத் திட்டுவார்கள்; பைதன் 2இல் எழுதிய பல நிரல்கள் அதில் ஓடவில்லை. நான் பாதிதான் திட்டுவேன். தமிழ் எழுதுகிற நமக்கு அந்த உடைப்பு தேவைப்பட்டது. 'வன்னி' என்ற சொல் யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் 15 பைட்டுகள். பைதன் 2இல் சாதாரணச் சரமாக (ஸ்ட்ரிங்) எழுதி நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். பைதன் 3 யுனிகோட் குறிகளை எண்ணி 5 என்கிறது. வ, ன், னி என்று நாம் எண்ணினால் மூன்றுதான். ஆனாலும் 15ஐ விட 5 எவ்வளவோ மேல், எழுத்தை நடுவில் வெட்டிக் குப்பையாக்காது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய அலுவலகக் கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, ஆங்கில எழுத்துக் குவியலைப் பார்த்து முழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்படியானால் பிழை எங்கே? பழையதையும் புதியதையும் ஒரே நிரலுக்குள் சேர்த்து ஓட்ட வழி வைக்காததில். பைதன் 3 வந்தது 2008 டிசம்பரில். உங்கள் நிரல் பத்து லைப்ரரிகளை நம்பியிருந்து அதில் ஒன்று மட்டும் மாறாவிட்டாலும் நீங்கள் மாற முடியாது. அந்த லைப்ரரிக்காரரும் இன்னொருவருக்காகக் காத்திருப்பார். பைதன் 2க்கான ஆதரவு 2015இல் முடிவதாக இருந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 வரை இழுத்தார்கள். நடுவில் 2012இல், 3.3 பதிப்பில், யுனிகோட் சரத்துக்கு முன்னால் போடும் 'யூ' என்ற எழுத்தை, ஒருமுறை நீக்கியதை, திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த எழுத்தால் இப்போது ஒரு பயனும் இல்லை. இரண்டு பதிப்பிலும் ஓடும் கோட் எழுத முடிகிறது, அவ்வளவுதான். இந்தச் சின்ன இரக்கத்தை முதல் நாளே காட்டியிருக்கலாம்.

ரஸ்ட் மொழி இதைப் பார்த்துப் படித்துக்கொண்டது என்றே நினைக்கிறேன். அதில் 2015, 2018, 2021, 2024 என்று பதிப்புகள் உண்டு. ஒவ்வொரு பொதியும் (நிரல் தொகுப்பும்) தான் எந்தப் பதிப்பு என்று சொல்லிவிடும். கம்பைலர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு ஒரே நிரலாகக் கோர்க்கும். 2018 பதிப்பில் 'அசிங்க்' கட்டளைச் சொல்லானது, ஆனால் 2015 பொதிக்குள் அது இன்னும் வெறும் பெயர்தான். ஒரு வாய்க்காலைத் திருத்த இரணைமடுக் குளம் முழுவதையும் வற்ற விடுவதில்லை அல்லவா?

அடுத்தது, என் பார்வையில் இருப்பதிலேயே மோசமானது: சத்தமில்லாமல் பொருளை மாற்றுவது. நிரல் உடைந்தால் யாராவது தொலைபேசி எடுத்துத் திட்டுவார்கள். உடையாமல் வேறு விடை தந்தால்? பைதன் 2இல் 7ஐ 2ஆல் வகுத்தால் 3. பைதன் 3இல் 3.5. பிழைச்செய்தி எதுவும் வராது, கணக்கு மட்டும் வேறாகிவிடும். நெல் ஆலையில் அது காசு. பைதன்காரர்கள் இதில் கொஞ்சம் நிதானமாகவே நடந்தார்கள்: 2001இல் வந்த 2.2 பதிப்பிலேயே, புதிய வகுத்தல் வேண்டுமானால் கோப்பின் தலையில் ஒரு வரி போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். கோ மொழி இதைவிட நேர்த்தி. லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) வேரியபிள் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகப் பிறக்க வேண்டும் என்ற மாற்றம் 2024 பிப்ரவரியில் 1.22 பதிப்பில் வந்தது. ஆனால் தன் விவரக் கோப்பில் 1.22 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பைக் குறிப்பிட்ட நிரலுக்குத்தான் புதிய பொருள். மற்றவை பழைய மாதிரியே நடக்கும்.

'ஆவணத்தில் சொல்லவில்லையே, மாற்றினால் என்ன' என்ற வாதமும் செல்லாது. சொல்லாததையும் சனம் நம்பிவிடும். பைதன் 3.6இல் டிக்ஷனரி (பெயரையும் மதிப்பையும் சோடியாக வைக்கும் பட்டியல்), சேர்த்த வரிசையைக் காப்பாற்றியது தற்செயலான உள்வேலை. அடுத்த பதிப்பில் அதை மொழியின் உறுதிமொழியாகவே அறிவித்துவிட்டார்கள். கோ எதிர்த்திசையில் போனது: டிக்ஷனரி போன்ற தன் மேப்பைச் சுற்றிவரும் வரிசையை வேண்டுமென்றே கலைத்துப் போட்டது, யாரும் நம்பிவிடக் கூடாதென்று. எனக்கு இந்தக் குறும்பு பிடிக்கும்.

சரி, பயந்து ஒன்றையுமே தொடாமல் இருந்தால்? அதுவும் தவறு. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் நிரல்களைக் கட்டித் தரும் 'மேக்' கருவியை எழுதினார். கட்டளை வரி டேப் விசை இடைவெளியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி சரியில்லை என்று தெரிந்தபோது அதற்கு ஒரு டசின் அளவு பயனர்கள் இருந்தார்கள். அவர்களைக் குழப்ப மனமில்லாமல் விட்டுவிட்டார். இன்றும் மாணவர்கள் அந்த டேப்பில் இடறுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில், ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் 'நல்' (null) என்பதன் வகையைக் கேட்டால் 'ஆப்ஜெக்ட்' என்று வருவதும் 1995இன் பிழைதான். பின்னால் திருத்தப் பார்த்தார்கள், இணையத்தளங்கள் உடையும் என்று கைவிட்டார்கள். பயனர் பத்துப் பேராக இருக்கும்போது அவர்களைக் கூப்பிட்டுப் பேசித் திருத்திவிடுவது நல்லது.

கூப்பிட்டுப் பேசுவது என்றால் திகதியோடு. சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், எத்தனை ஏக்கருக்கு, எந்த நாளிலிருந்து தண்ணீர் என்று முடிவாகிவிடும். விதைநெல்லில் கை வைப்பது அதற்குப் பிறகுதான். மொழிக்காரர்களோ 'இந்த வசதி ஒருநாள் நீக்கப்படும்' என்று மட்டும் எழுதிவைப்பார்கள். எந்த நாள்? பைதன் ஒரு கட்டத்தில் இந்த எச்சரிக்கைகளைப் பயனர் கண்ணில் படாதபடி மறைத்தே வைத்திருந்தது, பிறகு 3.7இல் ஓரளவு வெளியே காட்டியது.

என் குட்டி மொழிக்கு வருகிறேன். அன்று காலை மோட்டார் சைக்கிளில் ஏ9 வீதியில் ஓடிப்போய்ப் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டேன். இப்போது விதிக்கோப்பின் முதல் வரியில் 'பதிப்பு 2' என்று இருந்தால்தான் ஈரம் கட்டளைச் சொல், இல்லாவிட்டால் பழையபடி வெறும் பெயர். கணக்கப்பிள்ளை இன்னும் அந்த வரியைப் போடவில்லை. அடுத்த போகம் பார்ப்போம் என்கிறார்.