மவுத்பீஸ் நுனி இடைவெளியை அளக்க வீட்டில் செய்யும் டயல் கேஜ்

கிளாரினெட், சாக்ஸபோனின் மவுத்பீஸில் (வாயில் வைத்து ஊதும் பகுதி) ரீடின், அதாவது ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் பட்டையின், அடிப்பாகம் படியும் தட்டையான பகுதிக்கு டேபிள் என்று பெயர். அந்தத் தளத்தை முன்னால் நீட்டிப் பார்த்தால், அதற்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவே உள்ள தூரம்தான் நுனி இடைவெளி. பி ஃபிளாட் கிளாரினெட்டில் இது பெரும்பாலும் 1.00 முதல் 1.20 மி.மீ. வரை இருக்கும். டெனர் சாக்ஸபோனில் 2.5 மி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். வெர்னியர் காலிப்பர் இங்கே உதவாது. நுனிக்கு எதிரே அதன் தாடை பிடிக்க ஒரு பரப்பும் இல்லை, வெறும் காற்றுதான். அந்தத் தளத்தைக் கண்ணாடியால் உண்டாக்கிக்கொண்டு, அங்கிருந்து நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைக் கேட்பதுதான் இந்தக் கருவி.

தேவையானவை: 0.01 மி.மீ. பிரிவும் 10 மி.மீ. ஓட்டமும் உள்ள டயல் கேஜ் (தண்டு 8 மி.மீ.), 120 × 50 × 25 மி.மீ. அலுமினியக் கட்டை, அதைத் தாங்க 110 மி.மீ. உயரக் கால்கள், 6 மி.மீ. கண்ணாடித் துண்டு, எம்2.5 பித்தளை ஸ்க்ரூ, எம்4 ஸ்க்ரூ, மைக்ராஸ்கோப் ஸ்லைடு, எபாக்சி பசை, ஃபீலர் கேஜ் செட் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்). டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி வேண்டாம். சூடாக்கி உருளைகளில் ஓட்டும்போது அதில் மெல்லிய அலை விழுந்திருக்கும். சாதாரணக் கண்ணாடியே அதைவிடத் தட்டை.

கட்டையின் ஒரு முனையிலிருந்து 15 மி.மீ. தள்ளி, மேலிருந்து கீழாக 8 மி.மீ. துளை போடுங்கள். பக்கவாட்டில் 3.3 மி.மீ. டிரில் செய்து எம்4 டேப்பால் மரை வெட்டி, தண்டைப் பிடிக்க ஸ்க்ரூ அமையுங்கள். ஸ்க்ரூவுக்கும் தண்டுக்கும் நடுவே சிறு நைலான் துண்டு இருக்கட்டும். தண்டு ஆடாத அளவுக்கு முடுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் தண்டு நசுங்கி, அதனுள் ஏறி இறங்கும் கம்பியான பிளஞ்சர் சிக்கும்; முள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும்.

கண்ணாடியின் விளிம்பு துளையின் மையத்திலிருந்து 3.5 மி.மீ. தள்ளி வரும்படி கட்டைமேல் ஒட்டுங்கள். பசை மூன்று பொட்டு மட்டும். முழுக்கத் தடவினால் கட்டையின் வளைவெல்லாம் கண்ணாடிக்கு ஏறும்.

டயலோடு வரும் உருண்டை முனையைக் கழற்றிவிடுங்கள். இந்த வேலைக்கு அது ஆகாது. 3 மி.மீ. உருண்டையின் உச்சி, மவுத்பீஸ் நுனியிலிருந்து அரை மி.மீ. விலகினாலே 0.08 மி.மீ.க்கு மேல் அதிகம் காட்டும். பதிலாக, தலை வெட்டிய எம்2.5 பித்தளை ஸ்க்ரூவை டிரில் சக்கில் மாட்டிச் சுழலவிட்டு, முனை 2 மி.மீ. விட்டத்தில் தட்டையாகும் வரை அரத்தால் தேயுங்கள். கூர்மையான ஓரத்தை 1000 நம்பர் உப்புத்தாளால் மழுக்குங்கள். இல்லாவிட்டால் மவுத்பீஸின் எபொனைட்டில் (கடின ரப்பர்) கீறல் விழும். இதைப் பிளஞ்சரின் முனையில் திருகுங்கள்; இதுதான் இனி ஊசிமுனை.

இனி டயலைக் கீழிருந்து, பிளஞ்சர் மேல்நோக்க, துளைக்குள் செருகுங்கள். ஸ்லைடைக் கண்ணாடியின் மேல் வைத்து, விளிம்பைத் தாண்டி நீட்டி ஊசிமுனையை அழுத்துங்கள். அந்த நிலையில் பிளஞ்சர் குறைந்தது 4 மி.மீ. உள்ளே போயிருக்க வேண்டும். அப்போதுதான் பெரிய சாக்ஸபோன் மவுத்பீஸுக்கும் மேலே எழும்ப இடமிருக்கும். தண்டை முடுக்கிவிட்டு, டயல் வளையத்தைத் திருப்பிப் பூஜ்ஜியம் வையுங்கள்.

அளக்கும்போது பிளஞ்சர் வெளியே வருவதால் முள் பின்னோக்கிச் சுற்றும். ஒரு முழுச் சுற்று 1 மி.மீ. முள் ஒரு சுற்றைத் தாண்டி 83-இல் நின்றால் 1 + 0.17, அதாவது 1.17 மி.மீ.

மவுத்பீஸை வைக்கும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது. ஊசிமுனையை நகத்தால் தாழ்த்திக்கொண்டு, டேபிளைக் கண்ணாடிமேல் படியவைத்து, நுனியை ஊசிக்கு மேலே கொண்டுவந்து மெல்ல விடுங்கள். டேபிளின் நேர்மேலே விரலால் அழுத்துங்கள். வாய் வைக்கும் சரிவில் அழுத்தினால் மவுத்பீஸ் முன்னால் சாய்ந்து அளவு குறையும். இப்போது மவுத்பீஸை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், பிறகு ஊசி நுனியைவிட்டு நழுவி முள் சட்டென்று துள்ளும். துள்ளுவதற்கு முன் நின்ற கடைசி எண்தான் உங்கள் அளவு. நுனிப்பக்கம் மேலே வளைந்திருப்பதால், ஊசி அரை மி.மீ. உள்ளே தொட்டாலும் கிளாரினெட்டில் சுமார் 0.06 மி.மீ. குறைவாகக் காட்டும். துள்ளிய பின் அப்படியே முன்னுக்குத் தள்ளிவிடாதீர்கள். ஊசியைத் தாழ்த்தாமல் தள்ளினால் நுனி சிதையும்.

ஐந்து முறை அளந்தால் வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் வர வேண்டும். வராவிட்டால் முதலில் தூசியைப் பாருங்கள். டேபிளின் பின்கோடியில் 0.03 மி.மீ. துகள் ஒன்று இருந்தால் நுனி 0.01 மி.மீ.க்கு மேல் தாழும். அடுத்து, ஊசியின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கருவியைச் சோதிக்க 1.00 மி.மீ. ஃபீலர் தகடு போதும். எண்ணெய் துடைத்து, கண்ணாடி விளிம்போடு ஒட்டி வைத்து, மேலே ஸ்லைடை அழுத்தினால் டயல் 1.00 காட்ட வேண்டும். 0.20 தகட்டைச் சேர்த்தால் 1.20. மவுத்பீஸை வைத்துச் சோதிக்கக் கூடாது. வான்டோரன் நிறுவனம் தன் பி45 கிளாரினெட் மவுத்பீஸுக்கு அறிவித்த அளவு 1.195 மி.மீ. என்றாலும், ஒவ்வொரு துண்டிலும் சிறு மாறுதல் இருக்கும். அமெரிக்க அட்டவணைகள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் எண் தரும். அந்த எண்ணை 0.0254-ஆல் பெருக்குங்கள். 105 என்றால் 2.67 மி.மீ.

டேபிள் கண்ணாடியில் ஆடினாலோ, நடுவில் 0.03 மி.மீ. தகடு நுழைந்தாலோ, அது தட்டை இல்லை. நடுவில் குழிந்த டேபிளில் லிகச்சரை (ரீடை மவுத்பீஸோடு இறுக்கும் பட்டை) முடுக்கும்போது ரீட் அந்தக் குழிக்குள் அமுங்கும். வாசிக்கும்போது உணரும் இடைவெளியும் டயல் சொல்வதும் ஒன்றாக இருக்காது. அளவோடு குழிவையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.