ஆர்டிஐ மனுவில் வெட்டி எறிய வேண்டியவை

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி போடும் ஆர்டிஐ மனுவைச் சொந்தமாக எழுதிக்கொண்டு வந்து 'அண்ணா, ஒரு தடவை பார்த்துக் கொடுங்க' என்பவர்கள் இப்போது அதிகம். நல்ல விஷயம். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் எழுதிய அதே வளவளா இவர்களிடமும் இருக்கிறது. தேதி, கையெழுத்து விட்டுப்போவதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

மனுவுக்குள் புகாரை எழுதுவது

இன்னமும் எரிச்சலூட்டுவது இதுதான். அண்மையில் ஒரு தம்பி மூன்று பக்கம் எழுதி வந்தார். தெருவில் ரோடு போட்டது, ஒரே மழையில் பெயர்ந்தது, பள்ளத்தில் தாத்தா விழுந்து கால் ஒடிந்தது என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், 'ஏன் இதுவரை நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று முடித்திருந்தார். அவர் வேதனை நியாயம்தான். ஆனால் சட்டப்படி தகவல் என்பது அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகி இருப்பது. அதிகாரி உட்கார்ந்து யோசித்துச் சொல்லும் விளக்கம் அல்ல. 30 நாள் காத்திருந்தால் 'கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று ஒற்றை வரியில் பதில் வரும். அப்புறம் மேல்முறையீடு, அதற்கும் குறைந்தது ஒரு மாதம். அதற்குள் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுவிடுவார்கள்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவே வேண்டாம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(2) பிரிவு இருப்பதே அதற்குத்தான். மூன்று பக்கத்தையும் வெட்டியபின் மிஞ்சியது இவ்வளவு: '2023-24இல் மேலத்தெருவில் போட்ட சாலையின் மதிப்பீடு, எம்-புக் (அளவுப் பதிவேடு), ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பில் ஆகியவற்றின் நகல் வேண்டும்.' எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் போட்டதாக அளந்தார்கள் என்பது எம்-புக்கில் இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், தம்பி கேட்ட 'ஏன்' பாதி விளங்கிவிடும்.

'அனைத்து விவரங்களும் தருக'

எதன் நகல், எந்த ஆண்டு? அதைச் சொல்லாவிட்டால் திருப்பி அனுப்ப நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

மேன்மைமிகு ஐயா அவர்களின் சமூகத்திற்கு

'பொதுத் தகவல் அலுவலர்' போதும்.

சட்டப் பிரிவுகளை அடுக்குவது

தகவல் கேட்பதற்கான 6(1) போதும். மிரட்டினால் பதில் சீக்கிரம் வராது.

ஒரே மனுவில் ஊர்ப் பிரச்சினை முழுக்க

ரேஷன் கடைக்குத் தனி மனு, ரோட்டுக்குத் தனி மனு. மத்திய அரசு அலுவலகம் என்றால் 2012ஆம் ஆண்டு விதிகளே 500 சொற்களுக்குள் எழுதச் சொல்கின்றன. தாண்டினால் அதற்காகவே தள்ளுபடி செய்ய முடியாது, சரி. ஆனால் மூன்றாம் பக்கத்து ஏழாவது கேள்வியை எந்த எழுத்தர் பொறுமையாகப் படிப்பார்?