12 லட்சம் சிடிசி, கைக்கு எவ்வளவு? வேலை மாறும்போது கோட்டை விடும் இடங்கள்

இப்போது வருடச் சம்பளம் 9 லட்சம், புது இடத்தில் 12 லட்சம் என்று எச்ஆர் போனில் சொன்னதுமே பலர் மனதளவில் பழைய ஆபீசை விட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். சிடிசி என்பது கம்பெனிக்கு நம்மால் ஆகும் மொத்தச் செலவு. நம் கைக்கு வரும் சம்பளம் வேறு.

அந்த 12 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். வேரியபிள் பே (வேலைத்திறனைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் பகுதி) 1,80,000, ஜாயினிங் போனஸ் 1,00,000, இன்சூரன்ஸ் பிரீமியம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 9 லட்சம். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் என்றால், கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம், அதாவது 72,000. கிராஜுவிட்டிக்கு (பல ஆண்டு வேலை பார்த்து விலகும்போது தரும் பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், கிட்டத்தட்ட 29,000. இரண்டும் போக மாதம் சுமார் 66,500 நிற்கும். அதில் நம் பங்கு பிஎஃப் 6,000 போனால், வங்கிக் கணக்கில் விழுவது சுமார் 60,500.

பழைய 9 லட்சம் முழுக்க ஃபிக்ஸட், பேசிக் நாலரை லட்சம் என்றால், இதே கணக்கில் மாதம் சுமார் 64,000 வரும். 3 லட்சம் கூடுதல் என்று நினைத்த வேலையில் மாதாமாதம் மூவாயிரத்துக்கு மேல் குறைகிறது! பிஎஃப் நம் பணம்தான், சரி. ஆனால் வீட்டுக்கடன் இஎம்ஐயை அதைக் காட்டிக் கட்ட முடியாதே. அதனால் ‘மாதம் கைக்கு வருவது எவ்வளவு? போன வருடம் உங்கள் டீமுக்கு வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?’ என்று கேளுங்கள். பதிலை மெயிலில் வாங்குங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சமே வேண்டாம். ஜாயினிங் போனஸ் முதல் வருடத்தோடு சரி. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கேட்கும் ஷரத்தும் பெரும்பாலும் இருக்கும்.

விட்டுப்போவதன் விலையையும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. கிராஜுவிட்டிக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும். மேலே சொன்ன பழைய சம்பளத்தில் மாதம் 37,500 பேசிக்குக்கு 15/26 கணக்குப்படி (மாதத்தை 26 நாளாக வைத்து, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்) 5 ஆண்டுகளுக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம் வரும். நாலரை வருடத்தில் கிளம்பினால் அது போச்சு. 5 ஆண்டு முடியும் வரை தள்ளிச் சேர முடியுமா என்று புது கம்பெனியிடம் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

அப்புறம் அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடு. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. கம்பெனி குரூப் பாலிசி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புது இடத்தில் பெற்றோருக்கு கவர் இல்லையென்றால் தனியாக பாலிசி எடுக்க வேண்டும். சர்க்கரை, இதய நோய் போல ஏற்கெனவே இருக்கும் வியாதிகளுக்கு அதில் 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். 65 வயது அப்பாவை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆஃபர் லெட்டர் கையில் வராமல் ராஜினாமா மெயிலைத் தட்டிவிடாதீர்கள். ‘அப்ரூவல் ஆயிடுச்சு, லெட்டர் வந்துடும்’ என்ற பேச்சை நம்பி வேலையை விடக் கூடாது. லெட்டர் வந்த பிறகும் நோட்டீஸ் கணக்கு, அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்கள் இருக்கிறது. இங்கே 90 நாள் நோட்டீஸ் இருக்க, அங்கே 30 நாளில் வரச் சொன்னால் மீதி நாட்களுக்கான பணத்தை யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மாறுவது என்று முடிவானால், பழைய பிஎஃபை எடுத்து பைக் வாங்காதீர்கள். அதே யூஏஎன் நம்பரில் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், பழைய சர்வீஸும் சேர்ந்து எண்ணப்படும். மொத்த சர்வீஸ் 5 ஆண்டு ஆகாமல் எடுத்தால் வரி கட்ட வேண்டியிருக்கும்.