கண்ணாடி கொட்டாவி விடாது: பேச்சுப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபம், சனிக்கிழமை பிற்பகல். சித்திரைப் புத்தாண்டு விழாவில் பேசப்போகிற பதினேழு வயதுப் பையன் ஒருவன் என் முன்னால் நின்று நான்கு நிமிடப் பேச்சை ஒப்பித்தான். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தது. வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் இங்குள்ள பல பிள்ளைகளுக்கு அதுதான் வழி. ஒரு சொல்கூடத் தவறவில்லை. மூன்றாவது வரிசையில் அவனுடைய ஆயா உட்கார்ந்திருந்தார். "இப்போ ஆயாவைப் பார்த்துச் சொல்லு, நடுப்பத்தியிலிருந்து" என்றேன். வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. "அங்கிள், முதலிலிருந்து சொல்லட்டுமா?" என்றான்.

ஒரு மாதமாகத் தினமும் அரை மணி நேரம், குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகியிருக்கிறான். உழைப்பில் குறையே இல்லை. ஆனால் அவன் பழகியது ஒன்று, மேடை கேட்பது வேறொன்று. எய்ஸ்டெட்ஃபொட் என்ற கலைப் போட்டிக்கு வரும் பிள்ளைகளிடமும், உம்லாங்கா பக்கத்து அலுவலகங்களில் ஸ்லைடு போட்டுப் பேச வேண்டிய பெரியவர்களிடமும் நான் பார்க்கும் தவறுகளில் முக்கால்வாசி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். அதில் நம் முகம் தெரியும். மேடையில் தெரியப்போவது மற்றவர்களின் முகங்கள். கண்ணாடி கொட்டாவி விடாது, செல்பேசியை நோண்டாது, பக்கத்து ஆளிடம் குசுகுசுக்காது. அதன் முன்னால் எத்தனை நாள் நின்றாலும் சபைக்கூச்சம் அப்படியே இருக்கும். கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமானால் செல்பேசியில் பதிவு செய்து, ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், இன்னொருமுறை படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். மற்றபடி பயிற்சிக்கு ஒரு ஆள் வேண்டும். நம்மை மெச்சும் அம்மாவை விட, சீக்கிரம் சலித்துப்போகும் தம்பி நல்லவன்.

அடுத்தது மனப்பாடம். மனப்பாடமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ் சரளமில்லாத பிள்ளைக்கு அது ஊன்றுகோல். ஆனால் எல்லோரும் முதல் வரியிலிருந்தே தொடங்குகிறார்கள், தடுக்கினால் திரும்பவும் முதல் வரிக்குப் போகிறார்கள். முதல் பத்தி நூறு முறை ஓடியிருக்கும், கடைசிப் பத்தி பத்து முறை. பேச்சை ஐந்தாறு அட்டைகளாகப் பிரித்து, சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, எது வருகிறதோ அங்கிருந்து பேசிப் பழகுங்கள். முடிவை முதலில் பழகுங்கள். அப்புறம், தாளைத் திரும்பத் திரும்பப் படிப்பது பயிற்சி ஆகாது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். முந்தின இரவு "எல்லாம் வந்துவிட்டது" என்று தோன்றுவதும் மறுநாள் காலை காற்றில் கரைவதும் இதனால்தான்.

பதற்றத்தைப் பற்றி இங்கே எல்லோரும் சொல்லும் அறிவுரை, "கூல் டவுன், மூச்சை இழுத்து விடு". மூச்சு விடுவதில் தப்பில்லை. ஆனால் படபடக்கும் நெஞ்சை அதட்டி அடக்குவது கடினம். அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். இன்னொன்றும் உண்டு. உள்ளே ஆடுவது வெளியே நாம் நினைக்கிற அளவுக்குத் தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் இருவரும் 2003-இல் இதைப் பேச்சாளர்களுக்கு முன்கூட்டியே விளக்கிப் பார்த்தார்கள். விளக்கம் கேட்டவர்களின் பேச்சு மேலும் நன்றாக அமைந்தது. அதனால் கால் நடுங்கும் பிள்ளையிடம் "பயப்படாதே" என்று சொல்வதைவிட, "நீ நடுங்குவது அங்கே யாருக்கும் தெரியவில்லை" என்று சொல்வது உதவும். பதிவு செய்த படத்தைக் காட்டினால் அவனே நம்பிவிடுவான்.

இந்த நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. லண்டனில் சைவ உணவுக்காரர்கள் கூட்டத்தில் எழுதி வைத்ததைக்கூட வாசிக்க முடியாமல் திணறியவர் காந்தி. பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். 1893-இல் பிரிட்டோரியாவில், பெரும்பாலும் வியாபாரிகளாக இருந்த இந்தியர்களைக் கூட்டி வியாபாரத்தில் உண்மை பற்றிப் பேசினார். அதுதான் தன் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று பின்னாளில் எழுதினார். இடையில் அவர் நாக்குப் பயிற்சி செய்ததாகத் தெரியவில்லை. பொருள் அவர் மனதில் ஊறியது, எதிரில் இருந்தவர்கள் யார் என்று தெரிந்திருந்தது. நம்மூர் மேடைகளில் 'அவை அஞ்சாமை' என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். குறளில் அது 73-ஆவது அதிகாரம். அதற்கு முன்னால் 71-இல் குறிப்பறிதலும் 72-இல் அவையறிதலும் இருப்பதை யாரும் சொல்வதில்லை.

உடல்மொழிப் பயிற்சியில் ஒரு பழைய கதை ஓயாமல் சுற்றுகிறது: பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்தது ஒற்றைச் சொற்களையும் குரல், முக பாவங்களையும் வைத்து விருப்பு வெறுப்பை எப்படி உணர்கிறோம் என்ற சோதனை. அதைப் பட்ஜெட் விளக்கத்துக்குப் பொருத்துவது தவறு. 7 சதவீதம்தான் என்றால் நான் சூலு தெரியாமலே சூலு மொழிக் கூட்டத்தில் பேசிக் கைதட்டு வாங்கலாமே!

சரி, கேட்பவர்களை ஈர்ப்பதற்கு வருவோம். இங்கேதான் பயிற்சியே இல்லாமல் மேடை ஏறுகிறார்கள். "வணக்கம்! என்ன, சத்தம் பத்தலையே, இன்னொருமுறை!" என்பது ஈர்ப்பு இல்லை, வசூல். கேள்வி கேட்பது நல்ல உத்தி. ஆனால் கேட்ட மூச்சிலேயே பதிலையும் சொல்லிவிடுகிறோம். வகுப்பறைகளைக் கவனித்த மேரி பட் ரோவ், ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் காட்டினார். மூன்று நொடிக்கு மேல் காத்தபோது பதில்கள் நீண்டன, அதிகம் பேர் பேசினார்கள். மேடையில் மூன்று நொடி மௌனம் மூன்று நிமிடம் போலத் தோன்றும். ஆகவே அதையும் பழக வேண்டும். நண்பரிடம் கேள்வி கேளுங்கள், விரலை மடக்கி மூன்று எண்ணுங்கள், அதுவரை வாயைத் திறக்காதீர்கள். நண்பரிடம் கோணல் பதில் சொல்லவும் சொல்லிவையுங்கள். வந்த பதிலைக் கண்டுகொள்ளாமல் அடுத்த ஸ்லைடுக்குத் தாவுபவரிடம் இரண்டாம் கேள்விக்குக் கை உயராது.

எங்கள் மண்டபத்தில் பாதிப்பேருக்குத் தமிழ் புரியும், மீதிப்பேருக்குச் சில சொற்கள் மட்டும் தெரியும். "நம் பண்பாட்டின் சிறப்பு என்ன?" என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். அந்தப் பையனின் பேச்சு 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததைப் பற்றியது. அவன் கேள்வியை மாற்றினோம்: "உங்கள் குடும்பத்தில் முதலில் கப்பலில் வந்தவர் பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்." மொழி சரளம் வேண்டாம், கை போதும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் பேசச் சொல்லும் உத்தியும் உண்டு. அதில் தவறு எங்கே வரும் என்றால், சபையைத் திரும்ப எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்திருக்க மாட்டார்கள். நம் ஆட்களிடம் "பேசுங்கள்" என்று சொல்வது சுலபம், நிறுத்துவதுதான் பாடு. ஒரு மணி அல்லது மிருதங்கத் தட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஸ்லைடுகளை நம்பிப் பழகியவர்களுக்கு 2022, 2023 லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) காலம் நல்ல வாத்தியார். நடுவில் புரொஜெக்டர் அணைந்துபோய், ஒரு மேலாளர் "திரையில் என்ன இருந்தது" என்று எங்களையே கேட்டார். இப்போது மின்வெட்டு குறைந்துவிட்டது. இருந்தாலும், ஒரு ஒத்திகையாவது ஸ்லைடு இல்லாமல் நடக்கட்டும்.

ஒத்திகை முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சு" என்றுதான் வரும். "என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். இன்னொரு பக்கம், 'வந்து', 'அதாவது' எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதையே வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். மேடைப்பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் அப்படி எண்ண ஓர் ஆள் உண்டு, பயன்தான். ஆனால் பயந்த பிள்ளையிடம் எண்ணிக்கையை நீட்டினால், அவன் அடுத்த முறை கேட்பவர்களை விட்டுவிட்டுத் தன் நாக்கையே காவல் காப்பான்.

விழாவன்று பையன் நடுவில் ஒரு அட்டையை மறந்தான். ஆயாவைப் பார்த்தான், அடுத்த அட்டைக்குத் தாவினான். எனக்குத் தவிர யாருக்கும் தெரியவில்லை. கை தூக்கச் சொன்ன இடத்தில் ஒரு பெரியவர் எழுந்து தன் பாட்டனாரின் ஒப்பந்த எண்ணையே சொன்னார். பையன் அதைத் திருப்பிச் சொல்லி, சபையைப் பார்த்து நின்றான். கீழே இறங்கியதும் ஆயாவிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டான். "அந்த நம்பர்" என்றார். "கடைசியில மட்டும் ரயில் மாதிரி ஓடிட்ட."