அப்பாவின் டெபாசிட்டும் அம்மாவின் வளையலும்: பெற்றோரைப் பராமரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் வேலந்தாவளத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நெடுநாள் நோயாளிகளை வீட்டிலேயே கவனிக்கும் பாலியேட்டிவ் குழுவோடு வாரத்துக்கு ஒரு நாள் வீடு வீடாகப் போவது என் வழக்கம். அங்கே பக்கவாதம் வந்து மூன்று வாரமான பெரியவர். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது. ஆனால் கேட்பதெல்லாம் அவருக்குப் புரிகிறது, சரியாகத் தலையாட்டுகிறார். வாசல்வரை வந்த மகன் சொன்னான்: “பேங்க்ல அப்பா பேர்ல கொஞ்சம் பணம் இருக்குங்கண்ணா. அவர் தேறட்டும், அப்புறம் கேட்டுக்கலாம்.”

2014இல் நான் சொன்ன அதே வார்த்தை. அவனைத் திண்ணையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், வழுக்காத தரை வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அறிவு தெளிவாக இருக்கும் நாட்களை வீணாக்குவது

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு. அப்பா தேங்காயைப் பொள்ளாச்சியில் போட்டு, வந்த பணத்தை அங்கேயே ஒரு வங்கியில் டெபாசிட் செய்து வந்தார். ஒன்பது லட்சம், ஒரே ரசீது, அவர் பெயரில் மட்டும். நாமினி அம்மா. “அம்மா பேரு இருக்குதே, அப்புறமென்ன கண்ணு” என்பார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சித்திரையில் பக்கவாதம் வந்தது. கோயம்புத்தூரில் இருபது நாள் படுக்கை, கையிருப்பு அதோடு தீர்ந்தது. டெபாசிட்டை முறிக்கலாம் என்று வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர், கையெழுத்து ஒத்துப்போனால்தான் பணம் தர முடியும் என்றார். நாமினி இருக்கிறாரே என்று கேட்டேன். நாமினிக்கு உரிமை வருவது கணக்குக்காரர் இறந்த பிறகுதான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ‘அப்பாவுக்குக் கை சரியாகட்டும், ஆடிக்குள் எழுந்துவிடுவார்’ என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஆடியில் இரண்டாவது முறை வந்தது. அதன் பிறகு அப்பாவுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை.

நடுவில் இருந்த அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அப்பாவுக்குக் கைதான் வரவில்லை, அறிவு முழுசாக இருந்தது. கையெழுத்துப் போட முடியாத நோயாளியிடம் கை ரேகை அல்லது கால் விரல் ரேகை வாங்கிப் பணம் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரேகைகூட வைக்க முடியாமல் படுத்திருப்பவர் பேனாவால் ஒரு குறி இட்டாலும், இதே மாதிரி இரண்டு சாட்சிகளை வைத்து ஏற்கலாம். கவுன்ட்டரில் இருந்தவர் இதைச் சொல்லவில்லை. அதற்கு மேல் போய் மேனேஜரைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை. படுத்திருக்கும் அப்பாவிடம் போய்ப் பணத்தைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை.

அறிவு போன பிறகு எந்தக் கதவும் திறக்காது. பவர் பத்திரம் எழுதலாமே என்றார்கள். எழுதிக் கொடுக்கிறவருக்குத் தெளிந்த புத்தி இருந்தால்தான் அது செல்லும். முன்பே எழுதி வைத்திருந்தாலும், அவர் புத்தி தவறியதும் பவர் முடிந்துவிடும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மகன் என்பதால் அப்பாவின் கணக்கில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. காப்பாளராக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றார் வக்கீல். நினைவின்றிக் கிடப்பவர்களுக்குக் காப்பாளரை எப்படி நியமிப்பது என்று கேரள உயர் நீதிமன்றம் வழிமுறை வகுத்ததே 2019இல்தான்.

அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அப்புறம் சங்கிலி. ஹோம் நர்ஸ் சம்பளம், டயப்பர், காற்று மெத்தை எல்லாம் அந்தப் பணத்தில்தான். பதினான்கு மாதம் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார். இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் ஒன்பது லட்சமும் வட்டியும் சிரமமில்லாமல் அம்மா கணக்குக்கு வந்தன. அப்பாவின் பணத்தில் ஒரு ரூபாய்கூட அப்பாவுக்கு ஆகவில்லை.

ஆகவே, அப்பா அம்மா நடமாடும்போதே சேமிப்புக் கணக்கை, இருவரில் யார் கையெழுத்திட்டாலும் செல்லும்படி கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். டெபாசிட்டையும் அப்படியே செய்யலாம், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. தவணை முடிந்தால் ஒருவர் கையெழுத்து போதும். நடுவில் முறிக்க இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். அதனால் ஒரே ரசீதாகப் போடாமல் ஐம்பதாயிரம், ஒரு லட்சமாகப் பிரித்து, சில மாதங்களுக்கு ஒன்று முதிர்கிற மாதிரி போடுங்கள். முதிர்ந்த பணம் கூட்டுக் கணக்கில் விழட்டும். கூடப்பிறந்தவர்களுக்குத் தெரியாமல் இதைச் செய்ய வேண்டாம்.

ஏற்கெனவே படுத்துவிட்டாரா? அறிவு தெளிவாக இருந்தால் இந்த வாரமே மேனேஜரைப் பாருங்கள். எழுபது வயது தாண்டியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து சேவை செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள்.

பாலியேட்டிவ் என்றால் சாகப் போகிறவர்களுக்கு என்று நினைப்பது

மூத்திர டியூப் மாற்ற ஒவ்வொரு தடவையும் ஆம்புலன்ஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போய் வருகிற வீடுகளை இன்றும் பார்க்கிறேன். இந்தியாவிலேயே முதன்முதலில் இதற்கென்று கொள்கை கொண்டுவந்த மாநிலம் கேரளம், 2008இல். பஞ்சாயத்தும் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்து நர்ஸை வீட்டுக்கே அனுப்புகின்றன. டியூப் மாற்றுவார், புண்ணுக்கு மருந்து கட்டுவார், உங்களுக்கும் கற்றுத் தருவார். புற்றுநோய்க்கு மட்டும் என்றில்லை, நெடுநாள் படுத்திருக்கும் யாருக்கும் வருவார்கள். ஆஷா பணியாளரிடம் சொன்னால் போதும். மலையாளம் வராது என்று தயங்காதீர்கள், இந்தப் பக்கம் வருகிற சிஸ்டர்களுக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

அப்பாவைப் பொள்ளாச்சியிலோ கோவையிலோ மகன் வீட்டுக்குக் கொண்டுபோனால் இது நின்றுவிடும். அங்கே 2021இல் தொடங்கிய, வீடு தேடி வருகிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் போனதுமே பதிவு செய்யுங்கள்.

காப்பீட்டை நம்பி வீட்டுச் செலவை மறப்பது

எழுபது வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் அட்டையும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் உதவும். வீட்டில் படுத்திருக்கும் மாதங்களுக்கு உங்கள் பணம்தான்.

“பார்த்துக்கொள்வான்” என்று இடத்தை எழுதிக் கொடுப்பது

2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, கவனிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாய் வார்த்தையை நம்பாமல் அந்த வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையையும் சேர்க்கச் சொல்லுங்கள். இங்கே பத்திரம் பதிவது பெரும்பாலும் மலையாளத்தில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த எத்தனையோ அம்மாக்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கணக்கு எழுதாமல் செலவழிப்பது

ஒரு நோட்டு வாங்குங்கள். இன்றைக்கே.

ஒரே ஆள் பார்ப்பது

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்கவில்லை என்றால் படுக்கைப் புண் வரும். இரவிலும்தான். எங்கள் வீட்டில் அதை அம்மா ஒருத்தியே செய்தாள்.