எடை ஏற்றும்போது எடை மெஷினை எப்படிப் படிக்கக் கூடாது

நேற்று 52.4 கிலோ, இன்று 51.6. நன்றாகச் சாப்பிட்டும் எப்படிக் குறைந்தது என்று பதறிப்போய், அன்றைக்கே சாப்பாட்டு முறையை மாற்றுகிறார்களே, அதுதான் முதல் தவறு.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஒரே நாளில் 800 கிராம் கொழுப்பு கரைய வேண்டுமென்றால், செலவழித்ததைவிட 6,000 கலோரிக்கு மேல் குறைவாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். நடக்கிற காரியமா? குறைந்தது பெரும்பாலும் தண்ணீரும், குடலில் இருந்த உணவும்தான். ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம்.

இதே தண்ணீர் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். மாவுச்சத்தைக் கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கியதும் உடல் அதில் ஒரு பகுதியை கிளைக்கோஜனாகத் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். அதனால் முதல் வாரத்தில் எடை சட்டென்று ஏறும். அதே வேகத்தை இரண்டாவது வாரமும் எதிர்பார்த்து, வரவில்லை என்றதும் மனம் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். முதல் வார ஏற்றத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள் என்பேன். உப்பு தூக்கலான உணவு, மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், கடினமான உடற்பயிற்சிக்குப் பிறகு தசையில் வரும் லேசான வீக்கம் எல்லாமே எடையைத் தற்காலிகமாகக் கூட்டிக் காட்டும்.

அப்புறம், ஒரு நாள் காலையிலும் இன்னொரு நாள் இரவிலும் நின்று பார்த்து ஒப்பிடுவது. அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் அரை கிலோ ஏறத்தானே செய்யும்? காலையில் கழிவறை போய்வந்ததும், எதுவும் சாப்பிடாமல், கெட்டியான தரையில் மெஷினை வைத்துப் பாருங்கள். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். தினமும் பார்ப்பது பசியையே கெடுக்கிறது என்றால் வாரம் மூன்று நாள் போதும்.

வாரத்துக்கு கால் கிலோ முதல் அரை கிலோ வரை ஏறினால் நல்ல வேகம். இதைவிட அவசரப்பட்டால் சேர்வதில் பெரும்பங்கு கொழுப்பாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வாரச் சராசரி அசையவே இல்லை என்றால் மட்டும் தினசரி உணவில் 250, 300 கலோரி கூட்டுங்கள். எடை குறைந்த அன்று இனிப்பையும் பொரித்ததையும் அள்ளிப் போட்டுக்கொள்வதும், கூடிய அன்று ஒரு வேளையை விடுவதும் வேண்டாத வேலை.

எல்லா ஏற்ற இறக்கத்தையும் தண்ணீர் என்று தள்ளிவிடவும் கூடாது. முயற்சி செய்யாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, சர்க்கரை நோய், காசநோய் போன்றவை பின்னால் இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் எடை மளமளவென்று ஏறி, கால் வீங்கி, மூச்சும் வாங்கினால் உடனே போக வேண்டும். அது சத்து சேர்ந்த எடை அல்ல.